மலைத்தோட்டத்து வண்டிக்கு ரீபட்டன் டயர்: 16,400 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 26,550 போன கணக்கு

இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு பெரிய பயத்திலிருந்து தப்பித்திருப்பேன். மலைப்பாதையிலும் தோட்டத்து மண் பாதையிலும் போர்வீல் வண்டி ஓட்டுகிறவர்கள், டயர் செலவைக் குறைக்க ரீபட்டன், அதாவது தேய்ந்த டயர் மேல் புதுப் பட்டன் (ரோட்டில் படும் வரி வெட்டிய ரப்பர்) ஒட்டிய டயர், போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், முடிவு எடுப்பதற்கு முன் முழுவதும் படித்துவிடுங்கள்.

வண்டி, கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு ஓடும் போர்வீல் போலேரோ. டயர் அளவு 215/75 ஆர்15. 2023 ஜூனில் நாலு டயரும் மொட்டையாகிவிட்டது. புது டயர் ஒன்று 6,400 ரூபாய், நாலுக்கு 25,600. ரீபட்டன் ஒன்று 2,300, நாலுக்கு 9,200. மிச்சம் 16,400. மழை தொடங்கப் போகிற நேரம், கை காய்ந்திருந்தது. ஆழமான மட் பட்டன் ஒட்டிய டயர்கள் கடையில் தயாராக அடுக்கியிருந்தன. தேய்ந்த நாலையும் கொடுத்துவிட்டு அதில் நாலை மாட்டிக்கொண்டு வந்தாயிற்று. சேற்றில் பிடிப்பு அருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் முழுசாக 7,000 கிலோமீட்டர் ஓடவில்லை.

நவம்பரில் ஒரு நாள் மலை இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி திண்டுக்கல் ரோட்டில் போகும்போது முன்னால் வலது பக்கம் 'டக் டக்' என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் நெருங்கி வந்தது, ஸ்டியரிங் லேசாக உதறியது. பட்டன் இடுக்கில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்து ஓரம்கட்டிப் பார்த்தால் கல் எதுவும் இல்லை, காற்றும் சரியாக இருந்தது. மறுபடி கிளம்பியதுதான் தப்பு. பார்த்தது டயரின் வெளிப்பக்கத்தை மட்டும். உள்பக்கத்து ஷோல்டரை, அதாவது பட்டன் முடிந்து டயரின் பக்கவாட்டு தொடங்கும் ஓரத்தை, தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த நாலு கிலோமீட்டரில் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். ரீபட்டனாக ஒட்டிய பட்டை கிழிந்து சாட்டை மாதிரி சுழன்று மட்கார்டை உள்ளிருந்து அடித்தது. பிரேக்கை மிதித்தால் பெடல் ஆழத்துக்குப் போனது. சுழன்ற பட்டை முன் சக்கரத்துப் பிரேக் ஹோஸை அறுத்துவிட்டிருந்தது. பின் சக்கரத்து லைன் தனி என்பதால் கொஞ்சம் பிடிப்பு மிச்சம் இருந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துத்தான் நின்றது. பக்கத்து சீட்டில் மனைவி. அவளுக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. எனக்கு வீல் ஸ்பானரை நட்டில் மாட்ட முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. இதே ஹோஸ் ஒரு மணி நேரம் முன்னால், கொண்டை ஊசி வளைவில் அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இதிலிருந்து முதல் விஷயம். வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறையும் 'டக் டக்' சத்தமும் உதறலும் வந்தால், காற்று சரியாக இருக்கிறது என்று சமாதானம் ஆகாதீர்கள். பட்டை பிரியும்போது பெரும்பாலும் காற்று இறங்காது. அன்றைக்கு எங்கள் டயரிலும் கடைசி வரை காற்று நின்றது. உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து இரண்டு ஷோல்டரும் படுகிற மாதிரி ஒரு முழுச் சுற்று தடவுங்கள். பட்டனில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், அதனால் மெதுவாக. ஓரிடத்தில் மேடு தட்டுப்பட்டாலோ, அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சுட்டாலோ, அதோடு ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது. ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள்.

ரெக்கவரி வண்டி வரும்வரை கிழிந்த பட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஒட்டினது சரியில்லை, பிய்ந்துவிட்டது' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒட்டு விட்டிருந்தால் பட்டையின் அடிப்பக்கம் வழவழப்பாக, லேசாகப் பளபளப்பாக இருக்கும். ஒட்டு பிடித்து ரப்பரே கிழிந்திருந்தால் சொரசொரப்பாக, பிய்த்த ரொட்டி மாதிரி இருக்கும். இந்தப் பட்டை இரண்டும் இல்லை. பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பி அடுக்கான ஸ்டீல் பெல்ட்டின் மேலடுக்கைத் தன்னோடு சேர்த்து உரித்துக்கொண்டு வந்திருந்தது. ஒரு விரல்கடை நீளத்துக்குப் பழைய வெட்டு ஒன்று, அதைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குக் கம்பியெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. மற்ற இடத்துக் கம்பி பித்தளை நிறத்தில் மின்னியது. டயர்க் கம்பிக்குப் பித்தளைப் பூச்சு கொடுப்பதே ரப்பர் அதில் பிடிக்கத்தான். வெட்டு வழியாகத் தண்ணீர் இறங்கித் துரு பிடித்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். அதற்கு மேலே எவ்வளவு நல்ல பட்டன் ஒட்டினாலும் சுவரே இல்லாத இடத்தில் பூசிய சுண்ணாம்புதான். ஆக, புதிதாக ஒட்டிய பட்டன் கெட்டுப்போகவில்லை. அதற்கு அடியில் இருந்த கேசிங்தான், அதாவது பழைய டயரின் உடம்புதான், ஏற்கெனவே கெட்டிருந்தது.

அந்தக் கேசிங் எங்கே, எப்படி ஓடியது என்பது யாருக்குத் தெரியும்? சொந்த டயரைக் கொடுத்துவிட்டு ஊர் பேர் தெரியாத டயரை வாங்கியதுதான் இதில் செய்த பெரிய தவறு. வீட்டுக்கு வந்ததும் சைடு வாலில் (டயரின் பக்கவாட்டில்) தேதி எண்ணைத் தேடினேன். டி.ஓ.டி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழு எண் இருக்கும், அதனால் மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். கிழிந்த டயரில் 1413, அதாவது 2013-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம். பத்து வருடம் கடந்த டயர்! மற்ற மூன்றில் 0912, 3614, 2219. சைடு வாலில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்ததால் வெடிப்புகள் தெரியவில்லை. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்ததும் மயிரிழை வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. கடையில் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல், துணியால் ஒரு இடத்தைத் துடைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஐரோப்பாவில் கார் டயர்களை ரீட்ரேட் (ரீபட்டனுக்கு ஆங்கிலப் பெயர்) செய்வதற்கான ஈ.சி.ஈ 108 என்ற விதிமுறை, ஏழு வருடத்துக்கு மேல் ஆன கேசிங்கை எடுக்கவே கூடாது, ஒரு முறை செய்ததை மறுபடி செய்யக் கூடாது என்கிறது. நம் வண்டிக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். மலையில் ஓடுவதென்றால் ஐந்து வருடம் தாண்டியதை நான் தொட மாட்டேன்.

'லாரிக்காரர்கள் எல்லோரும் ரீபட்டன்தானே ஓட்டுகிறார்கள்' என்ற கேள்வி வரும். உண்மைதான். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி நடத்துகிறவர்களுக்கு ரீபட்டன் இல்லாமல் தொழிலே கட்டாது. விமான டயர்களும் திரும்பத் திரும்பப் பட்டன் மாற்றி ஓடுகின்றன. ஆனால் விமான டயருக்கு ஒவ்வொரு முறையும் கேசிங் பரிசோதனை உண்டு. லாரிக்காரர் தன் டயரைத் தானே கொடுத்துத் தானே திரும்ப வாங்குகிறார், எந்த டயர் எத்தனை பஞ்சர் பார்த்தது என்று அவருக்குத் தெரியும். பெரும்பாலும் பின்னால், ஜோடிச் சக்கரத்தில் போடுகிறார். ஒன்று போனாலும் பக்கத்து டயர் தாங்கும். அமெரிக்காவில்கூட பஸ்ஸின் முன் சக்கரத்தில் ரீட்ரேட் டயர் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நம் ஜீப்பில் ஒரு மூலைக்கு ஒரு டயர்தான்.

மலைப்பாதை வண்டிக்கு இன்னும் சில சிக்கல்கள் கூடுதலாக உண்டு. சேற்றிலும் பாறையிலும் பிடிப்புக்காகக் காற்றை 18, 20 பி.எஸ்.ஐக்கு இறக்குகிறோம். காற்று குறைந்தால் சைடு வால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கும், மடங்க மடங்கச் சூடு ஏறும். பத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் தோட்டத்துக்குள் போகிறவரை பெரிய பாதகம் இல்லை. அதே காற்றோடு மலை இறங்கி, தார் ரோட்டில் 70, 80 போனால் பட்டனுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சூடு தேங்கிவிடும். மட் பட்டன் ஆழமாகவும் கனமாகவும் இருப்பதால் அந்தச் சூடு சீக்கிரம் வெளியேறாது. அந்த ஐந்து மாதமும் நானும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இறங்கி வரும் வழி முழுக்க 20 பி.எஸ்.ஐ காற்றோடு ஓட்டிவிட்டு, அடிவாரத்து பங்க்கில்தான் காற்று பிடித்தேன். கேசிங் ஏற்கெனவே துருப்பிடித்திருந்தாலும் அதைச் சீக்கிரம் முடித்துவைத்ததில் என் பங்கும் உண்டு. சிகரெட் லைட்டரில் மாட்டுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். தார் ரோடு தொடங்கும் இடத்திலேயே, கதவோரம் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது கல். உடைகல்லும் பாறை விளிம்பும் பட்டனை வெட்டும். பட்டன் பள்ளத்தில் மாட்டிய கூர்க்கல் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே துளைத்துக்கொண்டே போய் ஒரு நாள் கம்பியைத் தொடும், பிறகு மழைத்தண்ணீர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ரீபட்டனில் பள்ளத்துக்கு அடியில் இருக்கும் ரப்பர் கனம் பஃபிங் செய்கிறவரின், அதாவது பழைய பட்டனைச் சுரண்டி எடுக்கிறவரின், கையைப் பொறுத்தது. அதிகம் சுரண்டிவிட்டால் கம்பிக்கும் கல்லுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. தோட்டத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் கற்களைக் குத்தி எடுத்துவிடுங்கள்.

சொந்த டயரைக் கொடுத்துச் செய்வதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வட்டம் சுற்றிச் சுருக்கம் விழுந்திருந்தாலோ, உள் ரப்பர் அரைபட்டுக் கறுப்புத் தூள் கொட்டினாலோ, காற்றில்லாமல் ஓடிய டயர் அது. சைடு வாலுக்குள் இருக்கும் நூல் இழை நைந்திருக்கும். வெளியே எதுவும் தெரியாது. பட்டன் நடுப்பகுதியில் 6 மி.மீ.க்கு உட்பட்ட ஆணி ஓட்டை, உள்ளிருந்து முறையாகப் பேட்ச் போட்டிருந்தால் பரவாயில்லை. ஷோல்டரிலோ சைடு வாலிலோ பஞ்சர் பார்த்த டயர் வேண்டாம். ரிம்மில் உட்காரும் பீடிங் கிழிந்திருந்தால் வேண்டாம். அதிலும் முக்கியம், டயரைக் கம்பி தெரியும்வரை ஓட்டிவிட்டு ரீபட்டனுக்குக் கொடுக்காதீர்கள். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. ஆகும்வரை ஓட்டலாம்; ரீபட்டன் செய்யும் எண்ணம் இருந்தால் 3 மி.மீ. இருக்கும்போதே கழற்றிவிடுங்கள். சைடு வாலில் உள்ள தேதி எண்ணை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் உங்கள் டயர்தான் திரும்பி வந்ததா என்று தெரியும்.

கடையில் நடப்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் அதிகம் நடப்பது கோல்டு ப்ராசஸ். பழைய பட்டனைச் சுரண்டி எடுத்து, காயங்களை ரப்பரால் நிரப்பி, சிமென்ட் என்கிற ரப்பர் பசையை அடித்து, குஷன் கம் என்ற மெல்லிய வேகாத ரப்பரை வைத்து, ஏற்கெனவே வெந்து தயாராக இருக்கும் பட்டன் பட்டையை மேலே சுற்றி, என்வலப் என்ற ரப்பர் உறை போட்டுச் சேம்பருக்குள் அழுத்தத்தோடு சுமார் 100 முதல் 115 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வேக வைப்பார்கள். பெயரில்தான் கோல்டு. சுரண்டிய பரப்பு ஒரே சீரான சொரசொரப்பாக இருக்க வேண்டும். மழமழவென்று கருகிய திட்டுகள் தெரிந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அந்த இடத்தில் ஒட்டு நிற்காது. சுரண்டியதை அன்றைக்கே சிமென்ட் அடித்துவிட வேண்டும். இரண்டு நாள் கிடந்தால் காற்றிலும் ஈரத்திலும் மேல்பரப்பு கெட்டுவிடும். எண்ணெய்க் கை பட்டாலும் அப்படித்தான். அடைமழை நேரத்தில் திறந்த ஷெட்டில் வேலை நடக்கும் கடையில் கொடுக்காதீர்கள். குஷன் கம்முக்கும் காலாவதித் தேதி உண்டு, தயங்காமல் கேளுங்கள். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். ஜெனரேட்டர் இல்லாத கடையில் பாதி வெந்த ஒட்டு கிடைக்க வாய்ப்புண்டு.

டயர் கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். பட்டையின் இரண்டு முனையும் சேரும் ஜாயின்ட்டில் நகம் நுழையக் கூடாது. பிரிவது பல நேரம் அங்கேதான் தொடங்கும். அடுத்து ஷோல்டர் ஓரம். சுரண்டிய அகலத்தைவிடப் பட்டை அகலமாக இருந்தால் ஓரம் கூரை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தார் ரோட்டில் அது ஒன்றும் செய்யாது. பாறையில் உரசினால் அந்த ஓரத்தைப் பிடித்துத்தான் கல் உரிக்கும். மூன்றாவதாக, காற்று ஏற்றிய டயரின் பட்டனைச் சின்னச் சுத்தியலால் நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் உள்ளே பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரிய ஆலைகளில் இதற்கென்று இயந்திரம் உண்டு. சின்னக் கடையில் நம் காதுதான்.

போர்வீல் வண்டிக்காரர்கள் இதோடு சுற்றளவையும் டேப் வைத்து அளக்க வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2,210 மி.மீ. பட்டன் கனம் 2 மி.மீ. கூடினால் சுற்றளவு 12 மி.மீ.க்கு மேல் கூடிவிடும். முன்னும் பின்னும் இப்படி வித்தியாசம் இருந்து, போர்வீலைப் போட்டபடி கெட்டித் தரையில் ஓட்டினால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் கேஸும் ஷாஃப்ட்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். போர்வீல் லீவர் வெளியே வராமல் இறுகும், ஜாயின்ட்டுகள் தேயும். நாலும் ஒரே கடை, ஒரே பட்டன், ஒரே நாள் வேலை என்றால்தான் சுற்றளவு ஓரளவு ஒத்து வரும். நாலு புதுசு, அல்லது நாலு ஒரே மாதிரி. அதற்கு நடுவில் எதுவும் வேண்டாம்.

அப்படியானால் ரீபட்டன் எந்த வண்டிக்குச் சரி? தோட்டத்துக்குள்ளேயே 30, 40 வேகத்தில் ஓடி, தார் ரோடு ஏறாத வண்டிக்கு, வரலாறு தெரிந்த சொந்தக் கேசிங்கில், ஒரே ஒரு முறை செய்த ரீபட்டன் தாராளமாகப் போடலாம். கல்லில் அறுபட்டாலும் புது டயர் போனதே என்ற வேதனை இருக்காது. ஆனால் காலையில் சேற்றில் இறங்கி மாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு வேண்டாம். இறக்கத்தில் பாரம் அதிகமாக முன் சக்கரத்துக்கு வரும், பிரேக் சூடும் அங்கேதான், திருப்புவதும் அங்கேதான், ஹோஸும் டயருக்கு ஒரு சாண் பக்கத்தில்தான். ஸ்பெயின், இத்தாலிப் பக்கம் மட் டயர்களைப் பட்டன் மட்டும் ஒட்டாமல், பீடிங்கிலிருந்து பீடிங் வரை சைடு வாலுக்கும் புது ரப்பர் போட்டு அச்சில் வேக வைத்து விற்கிறார்கள். ஜாயின்ட்டே இருக்காது என்பதால் காட்டுப் பாதைக்கு அது எவ்வளவோ மேல், ஆனால் உள்ளே இருப்பது அங்கேயும் பழைய கேசிங்தான்.

செலவுக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். ரீபட்டன் நாலுக்கு 9,200. ரெக்கவரி வண்டி 3,500. பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், பிரேக் லைனில் காற்று எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 1,850. மட்கார்டு டிங்கரிங், பெயிண்ட் 7,500. மூன்று நாள் வாடகை வண்டி 4,500. மொத்தம் 26,550. இதற்கு மேல் புது டயர் நாலு 25,600 கொடுத்து வாங்கத்தான் வேண்டியிருந்தது. முதலிலேயே வாங்கியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

மிச்சமிருந்த மூன்றில் 0912-ஐயும் 3614-ஐயும் வேறு யார் வண்டியிலும் ஏறிவிடக் கூடாது என்று ஆக்ஸா பிளேடால் சைடு வாலை அறுத்துப் போட்டேன். அறுக்கும்போது பட்டனையும் கிழித்துப் பார்த்ததில், 0912-இன் ஷோல்டரில் இரண்டு இடங்களில் அதே செம்மண் நிறத் துரு. 3614-இல் உள்பக்கம் முழுக்கச் சுருக்கம். 2219-ஐ மூன்று முறை தட்டிப் பார்த்தும் சத்தம் மாறவில்லை. அது தோட்டத்துக்குள் உரமூட்டை இழுக்கும் டிரெய்லரில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.